கருப்பு ஜன்னலுக்குச் சோடனை

வேலை செய்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். வேலை செய்யாதவர்களை அதைவிட நன்றாகத் தெரியும். இந்த இரண்டு வகையிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று நம்மிடையே நடமாடுகிறது. காலையில் சீக்கிரம் எழுகிறது, கண் சிவக்க உழைக்கிறது, சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ" என்கிறது. மாலையில் போய்ப் பார்த்தால் வேலை வைத்த இடத்திலேயே இருக்கிறது. வேலை செய்ய உட்காரும் இடத்தைச் சரிசெய்வதையே வேலையாகக் கொண்ட இனம் அது. அதன் உச்சப் பிறவி, லினக்ஸ் கம்ப்யூட்டரில் டெர்மினல் வைத்திருப்பவர்.

டெர்மினல் என்றதும் பயந்துவிடாதீர்கள். அது ஒரு கருப்பு ஜன்னல். உள்ளே ஒரு கட்டளையை அடித்தால் கம்ப்யூட்டர் அதைச் செய்யும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஜன்னல் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல ஒரு கோப்பு உண்டு. எழுத்தின் வடிவம், எழுத்தின் அளவு, வரிக்கும் வரிக்கும் இடைவெளி, பதினாறு நிறங்கள், ஓரத்தில் விட வேண்டிய இடம், ஜன்னலுக்குப் பின்னால் இருப்பது எத்தனை சதவீதம் தெரிய வேண்டும், தெரிவது எவ்வளவு மங்கலாகத் தெரிய வேண்டும் என்று அதில் நானூற்றுச் சொச்சம் வரிகள். மற்றவர்கள் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நம் ஆள் திறப்பார். மூட மாட்டார்.

கருங்குழி ஸ்டான்லியை எடுத்துக்கொள்ளுங்கள். வயது முப்பத்துநான்கு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வான். கெட்டிக்காரன். ஆயிரம் மைலுக்கு அப்பால் படுத்துவிட்ட சர்வரை நாலு கட்டளையில் எழுப்பி உட்கார வைப்பான். அந்த நாலு கட்டளையை எந்த நிறத்தில் அடிப்பது என்பதில்தான் சிக்கல்.

ஜன்னல் கட்டளைக்காகக் காத்திருக்கும் வரிக்குப் பிராம்ப்ட் என்று பெயர். சாதாரண மனிதருக்கு அங்கே ஒரு டாலர் குறி போதும். ஸ்டான்லியின் பிராம்ப்ட்டில் அவன் பெயர், ஃபோல்டருக்கு ஒரு படம், ஃபோல்டரின் பெயர், ஓர் அம்புக்குறி, மணி, பேட்டரி எத்தனை சதவீதம் என்பது எல்லாம் இருந்தன. திரையின் மூலையில்தான் ஏற்கெனவே மணி இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது வேறு மணி.

இந்த இனம் தனியாக வாழாது. திருப்போரூரில் ஜெயக்குமார் என்று இன்னொருவன் உண்டு. இருவரும் தினமும் போனில் பேசுவார்கள்.

"மச்சான், ட்ரான்ஸ்பரன்சி எவ்ளோ வெச்சிகிற?"

"எண்பத்தஞ்சு."

"எண்பத்தஞ்சா? எண்பத்தேழு வெச்சிப் பாரு மச்சான். வாழ்க்கையே மாறிடும்."

ஸ்டான்லி வைத்துப் பார்த்தான். வாழ்க்கை மாறவில்லை. சனிக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக மாறியிருந்தது.

ஸ்டான்லியின் அப்பா ஏசுபாதம், பேரூராட்சித் தண்ணீர்த் தொட்டியில் முப்பத்தொரு வருடம் மோட்டார் ஆபரேட்டர். அவருடைய இயந்திரத்துக்குப் பச்சை, சிவப்பு என்று இரண்டே பொத்தான்கள். பச்சையை அமுக்கினால் ஊருக்குத் தண்ணீர் வரும். மகனுக்குப் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் திரையைப் பார்ப்பார்.

"ஆச்சா?"

"ஆயிகினே கீதுப்பா."

போய்விடுவார். இதுதான் அவர்கள் பேச்சு. செப்டம்பர் பதினொன்றாம் தேதி காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து நாஸ்தாவுக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்குள் கல்லறையில் பெயர்க்கல் வைத்துவிட வேண்டும் என்பது அம்மா ரெஜினாவின் ஒரே பிடிவாதம். ஊரில் அத்தனை கல்லறையும் வெள்ளையடித்துப் பூப்போட்டு நிற்க, அவர் மட்டும் மண்மேடாகக் கிடப்பதை அவளால் பார்க்க முடியாது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் ராஜேந்திரன் என்பவரின் கல்பட்டறை. பிள்ளையார், புத்தர், சிலுவை, ஓட்டல் வாசலுக்கு யானை, எதுவானாலும் அங்கே கிடைக்கும். கல்லைத் தேர்ந்தெடுத்துச் சொல்லியாயிற்று. எழுத்து மட்டும் பாக்கி.

"மூணே வரிடா ஸ்டான்லி. பேரு, பொறந்தது, செத்தது. கம்ப்யூட்டர்ல அழகா அடிச்சி குடு. கல்லுக்காரரு கேட்டுகினே கீறாரு."

"இதோம்மா."

மூன்று வரிக்கு எத்தனை நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நாற்பது நாள்.

முதலில் எழுத்தில் நியாயமான பிரச்சினை ஒன்று இருந்தது. அந்த ஜன்னலில் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு கட்டம். ஆங்கில எழுத்து அடங்கி உட்காரும், தமிழ் உட்காராது. கொம்பு ஒரு கட்டத்திலும் கால் இன்னொரு கட்டத்திலுமாகப் பிரிந்து கிடந்தது. வேறு எதில் வேண்டுமானாலும் அடித்திருக்கலாம். காகிதத்தில் எழுதியிருக்கலாம். அப்படி யோசிப்பவன் இந்த இனத்தில் பிறப்பதில்லை. பதினான்கு எழுத்துருக்களை இறக்கிப் பார்த்தான். பதினைந்தாவதில் அப்பாவின் பெயர் முழுசாக வந்தது. அன்றைக்கு முழுக்க அதைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து, அப்பாவின் போட்டோவையே ஜன்னலின் பின்னணியாக வைத்தான். எழுத்து தெரியவில்லை. அப்பாவை எழுபது சதவீதம் மங்கலாக்கினான். தேநீர் கொண்டுவந்த ரெஜினா டம்ளரோடு நின்றுவிட்டாள்.

"இன்னாடா இது, உங்கப்பா ஆவி மாதிரி கீறாரு?"

"எழுத்து தெரியணும்ல."

"எழுத்து எங்கடா?"

போட்டோவை எடுத்துவிட்டான்.

பிறகு கர்சர். அடிக்கப்போகும் இடத்தைக் காட்டும் குறி. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஜன்னலை மூடிப் புதிதாகத் திறப்பான். கோப்பில் எழுதுவதற்கான 'cat' என்ற கட்டளையைப் போடுவான். 'பெ. ஏசுபாதம்' என்று அடிப்பான். 'பிறப்பு : 3.5.1966' என்று அடிப்பான். மூன்றாவது வரியில் 'மறைவு :' வரைக்கும் வருவான். அங்கே கர்சர் சிமிட்டிக்கொண்டு நிற்கும். இந்தச் சிமிட்டல்தான் தொந்தரவு என்று அவனுக்குப் பட்டது. சிமிட்டலை நிறுத்தினான். அசையாமல் நிற்பது இன்னும் தொந்தரவாக இருந்தது. கோடாக்கினான், அடிக்கோடாக்கினான், முழுக் கட்டமாக்கினான். நிறம் மாற்றினான்.

"ஜெயக்குமாரு, கர்சர் கலர் இன்னா வெச்சிகிற?"

"ஆரஞ்சு. இன்னா மச்சான், கல்லு மேட்டர் முடிஞ்சிச்சா?"

"கர்சர் மட்டும்தான் மச்சான் பாக்கி."

அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி ராஜேந்திரன் ரெஜினாவின் போனுக்குச் செய்தி அனுப்பினார்: இன்று எழுத்து வரவில்லை என்றால் கல் திருநாளுக்குப் பிறகுதான். ரெஜினா மகனின் அறைக்குப் போனாள். ஸ்டான்லி பின்கட்டில் ஜெயக்குமாரோடு போனில் ஆரஞ்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவள் மூக்குக்கண்ணாடி கூடத்தில் இருந்தது. ஆனாலும் திரையில் கணவரின் பெயர் கட்டைவிரல் பருமனில் தெரிந்தது. அது போதும். போனை நீட்டி ஒரு படம் எடுத்தாள். அனுப்பினாள்.

ஸ்டான்லி உள்ளே வந்ததும், "கல்லுக்காரரு கிட்ட பேசிட்டேன். நீ ஒண்ணும் பேஜாராவாத" என்றாள்.

கெடு தள்ளிப்போயிருக்கிறது என்று அவன் புரிந்துகொண்டான். எவ்வளவு நல்ல அம்மா! உட்கார்ந்து இன்னும் பத்து நாள் கர்சரைச் சரிசெய்தான்.

நவம்பர் ஒன்றாம் தேதி பிற்பகல், கருங்குழிக் கல்லறைத் தோட்டத்துக்கு ராஜேந்திரனின் டெம்போ வந்தது. பக்கத்துக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் கைகொடுத்துக் கல்லை இறக்கினார்கள். சாக்கை உருவினார்கள். நல்ல கருங்கல். நல்ல ஆழமான எழுத்து. எல்லாரும் சுற்றி நின்று படித்தார்கள். படித்துவிட்டு மறுபடியும் படித்தார்கள்.

உபதேசியார் ஜெபசிங்தான் முதலில் வாயைத் திறந்தார். "பத்து பதினாறுன்னு வசனம் போட்டுகிறீங்க, ரொம்ப சந்தோசம். எந்தப் புஸ்தகம்னு போடலியே?"

"எண்பத்து மூணு சதவீதம்னு போட்டுகீதே, அது இன்னா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சந்திரம்மா.

"மேல மார்க்கு போட்டு அனுப்பிகிறாங்க போல" என்றார் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

"எண்பத்து மூணுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸுதான்."

ரெஜினா இப்போது கண்ணாடி போட்டிருந்தாள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கேட்டு. பூனையாடா? அவருக்குப் பூனையக் கண்டாலே ஆவாதேடா!"

ஸ்டான்லி பார்த்தது பிராம்ப்ட் இருந்த மேல் வரியை அல்ல. கடைசி வரியில் 'மறைவு' என்று இருந்தது. இரண்டு புள்ளி இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம், வானம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று இருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

"அந்தக் கட்டம்தான் சார் பேஜாரு புடிச்ச வேல" என்றார் ராஜேந்திரன் பெருமையாக. "மூணு தபா பாலிஷ் போட்டேன்."

"அது வெட்டறதுக்கு இல்லண்ணா."

"படத்துல கீதே சார். படத்துல கீறத வெட்றதுதான் என் வேல. பிள்ளையாருக்குக் கொம்பு ஒடஞ்சிகீதுன்னு நான் ஒட்ட வெச்சா வுடுவாங்களா?"

"தேதி இல்லியேண்ணா. நீங்க கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம்னுதான் நெனச்சேன். அப்புறம், உங்க ஆளுங்க செத்தாலும் எழுந்து வருவோம்னு சொல்றீங்களே, அதான் போடல போலன்னு வுட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் மட்டும், கொள்கைப்படி அதில் தவறில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

ரெஜினா கல்லருகே உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கி ஊரே வரும்டா. தேதி இல்லாத கல்ல நட்டுட்டு நான் இன்னான்னு மெழுகுவத்தி ஏத்துவேன்?"

ராஜேந்திரன் டெம்போவிலிருந்து உளியும் சுத்தியும் எடுத்துவந்தார். காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை ஸ்டான்லியிடம் நீட்டினார். "கட்டத்துக்கு அப்பால எடம் கீது. நீயே எழுது சார். கையால வெட்டிடறேன். அப்புறம் தப்புன்னு எங்கிட்ட வரக் கூடாது."

ஸ்டான்லி பென்சிலை வாங்கிப் பார்த்தான்.

"வேற கலர் இருக்காண்ணா?"

"வெட்னா கலரே தெரியாது சார்."

"மொனை கொஞ்சம் மழுங்கலா கீது."

சீவினான். முனையை ஊதினான். திருப்பிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சீவினான். பென்சில் பாதியானபோது ரெஜினா, "டேய்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முட்டி போட்டு உட்கார்ந்தான். முதல் ஒன்றைப் போட்டான். கோணலாக விழுந்தது.

"இது சரியில்ல, தொடச்சிட்டு மறுபடியும்..."

ணங்கென்று சத்தம். உளி அந்த ஒன்றின் மேல் இறங்கியிருந்தது. ராஜேந்திரனுக்குப் பொழுது சாய்வதற்குள் இன்னும் நாலு ஊர் போக வேண்டும். ஸ்டான்லி இரண்டாவது ஒன்றைப் போட்டான். பின்னாலேயே உளி வந்தது. புள்ளி வைத்தான். ஒன்பதைப் போட்டான். நிறுத்தி யோசிக்க இடமில்லை. நிறுத்தினால் விரலில் விழும். வருடத்தின் கடைசி எண்ணை எழுதிவிட்டுக் கையை எடுத்தபோது அவனுக்கு முகம் கழுவத் தண்ணீர் தேவைப்பட்டது. சந்திரம்மா சுண்ணாம்பு கரைக்க வைத்திருந்த குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள்.

மேலே மூன்று வரி இயந்திரம் வெட்டியது, மயிரிழை பிசகாமல். கடைசியில் தேதி, பள்ளிக்கூடப் பையன் எழுதியதுபோல, மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

"மேல கீறதெல்லாம் வேணாம்னா சொல்லுங்கம்மா. தேய்ச்சி எடுத்துடலாம்" என்றார் ராஜேந்திரன்.

ரெஜினா முந்தானையால் கல்லில் இருந்த தூளைத் துடைத்தாள்.

"வேணாம் நைனா. தேய்க்கலாம்னு சொன்னா, எந்த உப்புத்தாளுன்னு இவன் பாக்க ஆரம்பிச்சிடுவான்."

இதுவரை பொறுமையாகக் கேட்டீர்கள். நம்மிடம் அப்படி ஒரு கருப்பு ஜன்னல் இல்லை, நாம் தப்பித்தோம் என்று நிம்மதியாகவும் இருப்பீர்கள். இருங்கள். ஆனால் இதைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நீங்கள் வேறு ஏதோ செய்வதாக இருந்தீர்கள், இல்லையா? ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு வரி. ஃபேனை ஒன்று குறைத்தீர்கள். நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டீர்கள். அதற்குமுன் இதை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று எடுத்தீர்கள். சரி, பார்த்தாயிற்று. நாற்காலி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், நன்றாகத்தான் இருக்கிறது.