மாலைப்படத்தின் சிவப்புப் பட்டை

எங்கள் எஸ்டேட்டில் மாலைப்படத்தின் தயவு இல்லாமல் ஒருவரும் முறையாகச் செத்துவிட முடியாது. மூச்சு நிற்பது வேறு விஷயம், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். ஆனால் பெட்டிக்குத் தலைமாட்டில் மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டுமே! அதற்கு எல்லோரும் இவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்க வேண்டும்.

மனிதர் தேயிலை ஆலையில் இலை காய வைக்கும் பகுதியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கையில் கேமரா இல்லாமல் நான் பார்த்ததில்லை. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று ஒன்று விடாமல் எடுத்துத் தள்ளுவார். எஸ்டேட்டில் சாவு விழுந்தால் ஏதாவது ஒரு கல்யாணக் கூட்டத்தில் செத்தவர் முகத்தைத் தேடிப் பிடித்து, வெட்டி, பெரிதாக்கி, பிரேம் போட்டுக் கொடுத்துவிடுவார். அதனால் வந்த பெயர்தான் மாலைப்படம். சொந்தப் பெயர் ஐசி என்கிற அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

அவர் கேமராவைத் தூக்கினாலே பாதிப் பேர் ஓடிப்போவார்கள். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்த கங்காணியைப் பார்க்கப் போனார். போனவர் சும்மா இருக்கக் கூடாதா? "கொஞ்சம் நிமிந்து உக்காருய்யா, இங்க பாரு" என்று சொல்லிவிட்டார். கங்காணி மறுநாள் காலையில் வேலைக்கு வந்துவிட்டார்.

அந்தக் கங்காணி பிறகு உண்மையாகவே போனபோது நடந்ததுதான் பெரிய கூத்து. கூட்டத்திலிருந்து வெட்டிய படம் அல்லவா, கங்காணி தோளில் வளையல் போட்ட ஒரு பெண் கை மட்டும் தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கங்காணியின் மனைவி படாரென்று அழுகையை நிறுத்தினார்.

"யாரு கை அது?"

மாலைப்படம் வீட்டுக்கு ஓடினார். அவருடைய கம்ப்யூட்டர் கண் திறப்பதற்கு அரை மணி நேரம். முழுப் படத்தையும் அச்செடுத்துக் கொண்டுவந்து அந்தம்மாவிடம் நீட்டினார். "நல்லா பாருங்கக்கா, ஒங்க கைதான்லா இது!" அந்தம்மா உற்றுப் பார்த்தார். பிறகு முன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாக அழுதார்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட் ஆபீசில் வேண்டாமென்று ஒதுக்கியதை இவர் தூக்கிக்கொண்டு போய் நடுவீட்டில் வைத்திருந்தார். அதற்குள் அவர் எதையும் அழித்ததே கிடையாது. ஒரே படம் மூன்று இடத்தில் இருக்கும். கேட்டால், "ஒண்ணு தொலைஞ்சிட்டா?" என்பார். குப்பைக்குப் போய்ப் பல வருஷம் ஆன பிரிண்டருக்கு உண்டான புரோகிராம் பத்திரமாக இருந்தது. தினமும் போனில் வந்த காலை வணக்கப் படங்கள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. மூடுபனியை மட்டும் எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில். வெள்ளையைத் தவிர அதில் வேறொன்றும் தெரியாது.

"இது எதுக்குண்ணே?"

"பனி வெலகுனா பின்னாடி கோயில் இருக்குலா தம்பி."

படத்தில் பனி எப்படி விலகும் என்று நான் கேட்கவில்லை.

நான் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. கம்ப்யூட்டரில் நாலு எழுத்துத் தட்டத் தெரிந்த பாவத்துக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். அன்று அவர் என்னைக் கூப்பிட்டது வேறு காரணத்துக்காக. அவர் மனைவி இறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

அண்ணி திடீரென்று போய்விட்டார். எஸ்டேட்டுக்கே படம் கொடுத்த மனிதரிடம் பெண்டாட்டி படம் ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டால் அந்தம்மாவுக்கு ஆகவே ஆகாது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு போய்விடுவார். பெட்டியோடு ஐசி படத்தைத்தான் பெரிதாக்கி வைத்தோம்.

"அது அவ இல்ல தம்பி," என்றார். "போலீசு புடிச்சி நிறுத்தி வச்ச மாதிரி இருக்கு. கருமாதிக்கு நல்ல படம் வைக்கணும். உள்ள எங்கயோ ஒரு கூட்டத்துல கண்டிப்பா இருப்பா. ஆனா எல்லாம் பெனுலா, எடமே இல்ல. ஒரு படத்தத் தொறந்தா அப்படியே நின்னுடுது."

பார்த்தேன். சேமிக்கும் இடத்தைக் காட்டும் பட்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் சிவப்பு. இடம் பண்ணினால்தான் தேட முடியும். கருமாதிக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

வெளியே மழை. நான் அழிக்க, அவர் தடுக்க, ஒரு வாரம் ஓடியது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை. "இது திரிங்காப்புல நடந்த கல்யாணம், சாப்பாடு பத்தாம போச்சி." "இந்த ஆளு கோலா தெர்லாவுல தோட்டம் போட்டிருக்கான், இன்னும் சாவல, இருக்கட்டும்." இன்னும் சாகாதவர் படத்தை அழிப்பது அவரைப் பொறுத்தவரை கொலைக் குற்றம். பிரிண்டர் புரோகிராமும் காலை வணக்கமும் மட்டும் போயின. சிவப்புப் பட்டை நகம் அளவுகூட நகரவில்லை. எனக்கோ ஆபீசில் மாதக் கடைசி, தலைக்கு மேல் வேலை. பொறுமை போய்விட்டது.

எட்டாம் நாள் யாரோ துக்கம் கேட்க வந்தார்கள். அவர் எழுந்து வாசலுக்குப் போனார். என் கண்ணில் பட்டது 'வீண்' என்று அவரே பெயர் வைத்திருந்த ஒரு போல்டர். பூதம் மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அவரே வீண் என்று எழுதி வைத்த பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? திறந்துகூடப் பார்க்கவில்லை. குப்பைக்கூடைக்கும் போகாதபடி ஒரேயடியாக அழித்தேன். பட்டை சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறியது.

திரும்பி வந்தவர் அதிசயித்துப் போனார். "அட, பறக்குதே தம்பி!" உடனே பிஸ்கட் டின்னைத் திறந்தார். இடமில்லாமல் ஏற்றாமலே வைத்திருந்த கேமரா கார்டுகள் அத்தனையும் அதில் இருந்தன. எல்லாவற்றையும் உள்ளே ஏற்றினோம். நான் என்னை மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மூன்று நாளும் தேடினோம். ஒரு படத்தில் அண்ணியின் முழங்கை கிடைத்தது. இன்னொன்றில் முந்தானை. முகம் மட்டும் எங்கேயும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டார்.

"அடச்சே, மறந்தே போனேன் பாரு! அவள எடுத்தாத்தான் ஓடுவா, நான் மத்தவங்கள எடுக்கறப்பல்லாம் சரியா குறுக்க வந்து நிப்பா. வாளியத் தூக்கிட்டு வருவா, வெளக்கமாத்தோட வருவா. கூட்டத்தையே மறைச்சிடுவா. கோவத்துல அதெல்லாம் தனியா ஒரு எடத்துல போட்டு வீணுன்னு எழுதி வச்சேன். அது பூரா அவதான்லா. எங்க தம்பி அது?"

மௌஸிலிருந்து கையை எடுத்தேன்.

"அண்ணே... அத நான் அழிச்சிட்டேண்ணே."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

எழுந்து அடுப்படிக்குப் போனார். அடித்து விரட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ தேவலை. ஒரு கிளாஸ் காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

மறுநாள் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கேரெத்தாவில் ஏற்றிப் பிரிஞ்சாங் டவுனில் கம்ப்யூட்டரோடு போட்டோ பிரேமும் போடும் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். காரின் முன் சீட்டில் அவர் அதை மடியிலேயே வைத்திருந்தார். கடைக்காரச் சீனர் உதட்டைப் பிதுக்கினார். அழித்ததும் அப்படியே விட்டிருந்தால் எடுத்திருக்கலாம், அந்த இடத்தின் மேலேயே புதுப் படங்களை ஏற்றிவிட்டீர்களே என்றார். பிஸ்கட் டின் எனக்கு நினைவு வந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

கருமாதிக்கு முந்தின நாள் கடைக்காரர் கூப்பிட்டார். மீண்டது மூன்றே படம். இரண்டில் வெறும் சாம்பல் நிறம். மூன்றாவதில் மேல் பாதி மட்டும் இருந்தது. ஏதோ ஒரு சடங்கு வீட்டுக் கூட்டம். அதற்கு முன்னால், திரையை அடைத்துக்கொண்டு, அண்ணி. கேமராவை நேராகப் பார்த்து வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே எல்லாம் சாம்பல்.

மாலைப்படம் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"கொழாயில தண்ணியே வராம தண்ணிக் கட்டு இருந்த வாரம் தம்பி இது. 'கொழாயில தண்ணி வருது, இப்பத்தான் படம் வேண்டிக் கெடக்குதா'ன்னு திட்டுறா."

"கீழ பாதி இல்லையேண்ணே."

"மாலை போட்டா மறைஞ்சிடும்லா," என்றார். அப்புறம் அந்தக் கடையில், எல்லோர் முன்னாலும், குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும்தான்.

பிரேம் போட்டுக் கையில் வாங்கியதும் கடைக்காரரிடம் என் போனைக் கொடுத்து எங்கள் இருவரையும் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். இவரும் பெண்டாட்டி மாதிரிதான். எத்தனையோ வருஷமாகக் கேமராவுக்குப் பின்னாலேயே நின்று பழகியவர், முன்னால் நிற்கவே மாட்டார். அன்றைக்கு ஏனோ பேசாமல் நின்றார்.

கருமாதியில் அந்தப் படத்தைப் பார்த்த எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். செத்தவர் நடுவீட்டில் உட்கார்ந்து அத்தனை பேரையும் திட்டிக்கொண்டிருந்தார். கங்காணியின் மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, அப்படியே இருக்காளே!" அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

போன மழைக்காலத்தில் மாலைப்படமும் போய்விட்டார். கோலாலம்பூரிலிருந்து ஓடிவந்த அவர் மகன் கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "அங்கிள், எல்லாரும் இருக்காங்க. அப்பா மட்டும் ஒரு படத்துலயும் இல்ல." என் போனில் ஒன்றே ஒன்று இருந்தது. அதே பிரிஞ்சாங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் என்னை வெட்டி எடுத்துவிட்டு, அவரை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார். தோளில் ஒரு கை மட்டும் மிச்சம் இருக்கிறதே, அழித்துவிடவா என்று கேட்டார்.

வேண்டாம், என் கைதான், அங்கேயே இருக்கட்டும் என்றேன்.