குளிர்விரோதிப் பெரியவர்

"ஞாயிற்றுக்கிழமையோட இந்த வீட்ல ஃப்ரிட்ஜ் கிடையாது. வாங்கறதுக்கு ஆள் வருது."

அப்பா இதைச் சொன்ன தோரணைக்கு ஒரு நாட்டுக்கே விடுதலை கிடைத்திருக்கும். ஆனால் எதிரே இருந்தது அம்மா.

"ஏங்க, அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"எங்க வாட்ஸ்அப் குழுவில தினமும் சொல்றாங்க. குளிர்ந்த சாப்பாடுதான் எல்லா நோய்க்கும் தாய். இனிமே அந்தக் கதவை நான் தொடமாட்டேன்."

"வேற எங்கயாவது விசாரிச்சீங்களா?"

"நானூறு பேர் ஆமாங்கறாங்க. நீ ஒருத்தி கேள்வி கேக்கற."

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். ஊருக்கே பார்வை தருபவர், மாதக்கணக்கில் அந்தக் குழுவைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. குழுவின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். எது வந்தாலும் கட்டைவிரலை உயர்த்த வேண்டும். கேள்வி கேட்டால் கல்தா.

அம்மா சண்டை போடவில்லை. அப்பா கடைக்குக் கிளம்பியதும் புது நம்பர் போட்ட தன் பழைய போனை என் கையில் வைத்தாள்.

"எழுபது வயசு ஆம்பளைக் குரல் வருமாடி உனக்கு?"

"இருமலோடயா, இருமல் இல்லாமயா?"

"இருமலோட."

குளிர்விரோதி என்ற பெயரில் அப்பாவின் குழுவில் பெரியவர் அவதரித்தார். வசனம் அம்மா, தொண்டை நான்.

'க்ஹும்... அன்பர்களே, ஃப்ரிட்ஜ் மட்டுமா? மின்விசிறியும் குளிர்தானே?' கட்டைவிரல்கள் முளைத்தன. 'க்ஹும்... ஜன்னல் மட்டும் யோக்கியமா?' கட்டைவிரல் காடே வளர்ந்தது. அப்பா வியர்வை சொட்டச் சொட்ட ஜன்னலைச் சாத்தினார்.

"இந்தப் பெரியவர் பேச்சைக் கேளும்மா," என்று என்னிடமே போட்டுக் காட்டினார். "குரல்லயே என்ன அனுபவம் பாரு."

"ஆமாப்பா. தொண்டைதான் கொஞ்சம் கட்டியிருக்கு."

வெள்ளிக்கிழமை பெரியவர் உச்சத்துக்குப் போனார். 'ஃப்ரிட்ஜைத் துறந்த ஆண்மகன் மூணு வேளையும் தன் கையாலேயே சுடச்சுடச் சமைக்கணும். மிஞ்சினா அவனே தின்னு தீர்க்கணும்.' முழுக்கக் கேட்காமலே முதல் கட்டைவிரல் உயர்ந்தது. அப்பாவுடையது.

அம்மா கரண்டியை நீட்டினாள். "எல்லாருக்கும் முன்னால விரலைத் தூக்கிட்டீங்க. வாங்க."

சனிக்கிழமை மத்தியானம், அதே கட்டைவிரலில் கொப்புளத்தோடு, அப்பா குழுவில் எழுதினார்: 'பெரியவரே, ஒரு சந்தேகம். இது கொஞ்சம் அதிகம் இல்லையா?'

அடுத்த நொடி, குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

சோபாவில் சரிந்தார். "சந்தேகம்தானே கேட்டேன்?"

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏங்க, கடைக்கு ஒருத்தர் வந்தா ஒரே கண்ணாடியை மாட்டி அனுப்பிடுவீங்களா?"

"அதெப்படி? மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா, அது தெளிவான்னு..."

பாதியில் நின்றார். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். ஃப்ரிட்ஜ் வாங்க வரவிருந்தவரிடம் வரவேண்டாம் என்று சொன்னார். முகத்தில் காற்றும் பட்டது, களையும் வந்தது.

"நானே ஒரு குழு தொடங்கறேன். யார் எதைச் சொன்னாலும் ஒருத்தராவது மறுத்துக் கேட்டே ஆகணும்."

"நல்ல யோசனைங்க," என்றாள் அம்மா. நிஜமாகவே பூரித்துப் போயிருந்தாள்.

"முதல் ஆளா அந்தப் பெரியவரைச் சேர்க்கணும். அவரும் நாலு பேர் பேச்சைக் கேக்கட்டும். இரு, கூப்பிடறேன்."

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்பா தொடவே மாட்டேன் என்று சபதம் போட்ட இடமாகப் பார்த்துத்தான் அந்தப் போனை ஒளித்து வைத்திருந்தோம்.

ஃப்ரிட்ஜுக்குள், கேரட்டுகளுக்கு நடுவே மணி அடித்தது.

அம்மா அசரவில்லை. "சீக்கிரம் கதவைத் திறங்க. பாவம் பெரியவர், அவருக்குக் குளிர் ஆகாது."