தலைவருக்கு ஒரு போன் நம்பர்

பொம்மைக்குப் போன் நம்பர் இல்லை. அதுதான் பிரச்சினை.

"நம்பர் போடாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது சார்," என்றாள் பதிவு மேசைப் பெண்.

பிசிக்ஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் புற்றுநோய் மருத்துவமனையில் யாருக்கு, எங்கே, எவ்வளவு கதிர் பாய்ச்ச வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர் அவர். தொண்டைப் புற்றுக்கான ஒரு புது முறையைப் பல மருத்துவமனைகள் சேர்ந்து சோதித்துக்கொண்டிருந்தன. அதில் சேர முதலில் பரீட்சை. ஆய்வு மையம் கழுத்தோடு ஒரு பிளாஸ்டிக் தலையை அனுப்பிவைக்கும். நிஜ நோயாளியைப் போலவே அதைப் பதிந்து, ஸ்கேன் எடுத்து, கதிர் பாய்ச்சித் திருப்பி அனுப்ப வேண்டும். குறி தப்பியிருந்தால் உள்ளே இருக்கும் அளவுமானிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

தேறினால்தான் நோயாளிகளைச் சேர்க்கலாம். குரல் போய்விடுமோ என்ற பயத்தோடு ஒரு பஸ் கண்டக்டர் முதல் ஆளாகக் காத்திருந்தார்.

"என் வீட்டு நம்பரையே போடும்மா."

"பேரு?"

"தலைவர்னு போடு."

"வயசு?"

வாயில் வந்தது தன் வயதுதான். "அம்பத்திரண்டு."

மறுநாள் காலை மனைவியிடமிருந்து போன்.

"ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டாங்க. நம்ம வீட்டு நோயாளிக்கு நாளைக்குத் தொண்டையில கரண்ட் வைக்கிறாங்களாம். துணைக்கு ஒருத்தர் வரணுமாம்."

"அது பொம்மைம்மா."

"பொம்மைக்கு அம்பத்திரண்டு வயசா?" அவள் குரல் உடைந்தது. "ஒரு மாசமா இருமிக்கிட்டே இருக்கீங்க. நானும் ஏசிக் குளிர்னு நினைச்சுட்டேன்."

அவர் பதிவு மேசைக்கு ஓடி, வீட்டு நம்பரை எடுத்துவிட்டுத் தன் துறையின் நம்பரைப் போடச் சொன்னார். அரை மணியில் மருத்துவமனையின் சமூக சேவகி வந்து நின்றார்.

"ஆதரவில்லாத நோயாளி ஒருத்தர் உங்ககிட்ட இருக்காராமே சார். சம்மதப் படிவத்துல யார் கையெழுத்துப் போடுவா? சொந்தக்காரங்க கையெழுத்து இல்லாம மெஷின் ஓடாது."

விளக்கம் சொல்ல நேரமில்லை. அவரே கையெழுத்துப் போட்டார். உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதினார். தலைவருக்குக் கதிர் பாய்ச்சி, மறுநாள் மதியமே கூரியரில் ஏற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

கூடத்தில் அவருடைய அண்ணன் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கை தொண்டையில் இருந்தது.

"எனக்குப் புத்துன்னு என்கிட்டயே மறைச்சுட்டியேடா."

சமூக சேவகி நல்லெண்ணத்தில் வீட்டுக்கே போன் செய்து, "உங்க வீட்டுக்காரரோட அண்ணனுக்குச் சீக்கிரமே குணமாகிடும்," என்று ஆறுதல் சொல்லியிருந்தார். மனைவி உடனே அண்ணனுக்குத் தகவல் சொல்லிவிட்டாள்.

"ஐயோ, அது பொம்மைண்ணா."

"அப்போ அந்தப் பொம்மையைக் கண்ணால காட்டுங்க," என்றாள் மனைவி.

"மதியமே அனுப்பிட்டேன்."

மனைவியும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு அண்ணன் ஊருக்குப் போகவில்லை. வெந்நீர் குடித்துக்கொண்டு கிசுகிசுப்பாகவே பேசினார். மனைவியோ இரண்டு பேரின் தொண்டையிலும் தினமும் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. இரண்டு சதவீதத்துக்கு மேல் எங்குமே பிசகில்லை. கண்டக்டருக்கு நாளையே தொடங்கலாம். தலைவரின் ஃபைலை மட்டும் முடித்து அனுப்ப வேண்டும். அறிக்கையில் பொம்மையின் படமும் இருந்தது. அதைக் காட்டவே பிசிக்ஸ்காரர் இருவரையும் மருத்துவமனைக்கு வரவழைத்தார்.

"காதுகூட இல்லையே," என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ எனக்கு ஒண்ணுமில்லையா?" என்று அண்ணன் மூன்று வாரத்தில் முதல்முறையாக உரக்கக் கேட்டார். நடைபாதையில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

ஃபைலை முடிக்க இன்னும் ஒரே ஒரு கையெழுத்து. தொண்டை நோயாளிகள் வாராவாரம் பார்க்க வேண்டிய உணவு ஆலோசகருடையது. மூவருமாகவே அவர் அறைக்குப் போனார்கள்.

"மன்னிக்கணும் மேடம்," என்று பிசிக்ஸ்காரர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "தலைவர்னு ஒரு பேஷண்ட். அவரால உங்களைப் பார்க்க வந்திருக்க முடியாது. ஏன்னா..."

ஆலோசகர் தேதிவாரியாகக் கையெழுத்துப் போட்டிருந்த தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"வாராவாரம் வர்றாரே சார். தங்கமான மனுஷர், போன வாரம்கூட நான் சொன்னதுக்கெல்லாம் நல்லாத் தலையாட்டினாரு."