எங்கள் ஊர் டோட்டா

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, தங்கள் மாடுகளும் போர்வைகளும் குறைவின்றி இருக்க வேண்டி, மலையிலிருந்து லிமாகட்சோ பணிவுடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அக்கா மட்டும் உள்ளே அழுதுகொண்டிருக்கிறாள்.

போனில் பேச எனக்குக் கூச்சம். அதனால் கூடாரம் ஏற்றி வந்த லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அக்காவுக்குத் தாங்கள் பேசி முடித்த கல்யாணம் நிற்கப் போகிறது, மாமா, ஒரே ஒரு சொல்லால். "கல்யாணக் கூடாரம் போட வீட்டுப் பக்கத்துல டோட்டா இருக்கா?" என்று கேட்டீர்கள். "பெரிய டோட்டாவே இருக்கு" என்றார் அப்பா. உங்கள் மசேரு நகரத்துப் பக்கம் டோட்டா என்றால் கண்ணுக்கெட்டிய வரை சமவெளி. எங்கள் மலையில், வைத்த பானை உருளாமல் நின்றால் அதுதான் டோட்டா. இங்கேயே பிறந்த உங்களுக்கு இது மறந்துபோகுமா? நீங்கள் பாட்டுக்கு மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டீர்கள், அவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளோடு வந்து இறங்கிவிட்டார்கள், கூடாரம் ஒரு பக்கம் தரையைத் தொடுகிறது, மறுபக்கம் ஆடு நுழைகிறது, மாப்பிள்ளையின் அத்தை நாற்காலியோடு சறுக்கிப் போய் எங்க முட்டைக்கோஸ் பாத்தியில இறங்கினாங்க, கையில இருந்த தட்டை மட்டும் விடல.

சம்பந்தியம்மா எழுந்து நின்றுவிட்டார். "இதுவா டோட்டா? நிலத்தைப் பத்தியே பொய் சொல்றவங்க, பொண்ணைப் பத்தி என்னென்ன சொல்லியிருப்பாங்க! பொண்ணுக்குப் பரிசமா நாங்க குடுத்த மாட்டையெல்லாம் திருப்பி ஓட்டுங்கடா!"

"எங்க பானை நிக்குதும்மா," என்றார் அப்பா, "உங்க ஆளுங்கதான் நிக்க மாட்டேங்குறாங்க!"

இப்படியா பேசுவார் ஒரு பெண்ணைப் பெற்றவர்? உடனே கிளம்பி வாங்க மாமா. வந்து அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லிவிட்டுப் போங்க.

அமைதியும் மழையும் செழிப்பும் தங்கள் வாசலைத் தேடி வரட்டும்.

தங்கள் மருமகள்,
லிமாகட்சோ

பின்குறிப்பு: லாரிக்காரர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சம்பந்தியம்மா உட்காரவே மாட்டேன் என்று நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. மண்வெட்டியை எடுத்து, அவர் நாற்காலியின் மேட்டுப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் குழி வெட்டி இறக்கி வைத்தேன். சம்பந்தியம்மா மெல்ல உட்கார்ந்தார். அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. ஒரு கிண்ணம் சோளக் கள் வாங்கிக் குடித்துவிட்டு, "டோட்டாதான்" என்றார். அக்கா முகம் கழுவப் போயிருக்கிறாள். நீங்கள் வர வேண்டாம் மாமா. வருவதானால் மண்வெட்டியோடு வாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள்.