ஃபாதர் எழுதாத புத்தகம்

என்னை யாராவது கேள்வி கேட்டால் எனக்குப் பிடிக்காது. மனுஷன் கேட்டாலும் சரி, கம்ப்யூட்டர் கேட்டாலும் சரி. இந்தக் குணத்தால் 2007-இல் என் வேலையே போகப் பார்த்தது.

இரணியல் பக்கம் ஒரு கல்லூரியில் நான் தற்காலிக நூலகர். ஆய்வுக் குழு வருகிறது, நூலகத்தைக் கணினிமயமாக்க வேண்டும் என்றார் பிரின்சிபால் ஃபாதர். "குழு குறை எழுதிச்சுன்னா, கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளைப் போட வேண்டி வரும் டீச்சரே."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பதிவேட்டைப் பார்த்து நாலாயிரம் புத்தகங்களை எக்செல்லில் நானே ஏற்றினேன். (இரண்டு விரலால்தான். அதனால் என்ன?)

குழு வருவதற்கு முந்தின நாள், ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில் இருந்தால் அழகாயிருக்குமே என்று தோன்றியது. பெயர்கள் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தும் பொத்தானை அமுக்கினேன். பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கவா என்று திரை கேட்டது. என்னிடமே கேள்வியா? வேண்டாம் என்று அமுக்கி, சேமித்து, மூடிவிட்டுப் போனேன். பெயர்கள் எல்லாம் இடம் மாறின. புத்தகத் தலைப்புகள் இருந்த இடத்திலேயே நின்றன. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் குழுத் தலைவியம்மா கணினி முன் உட்கார்ந்தார். "ஃபாதர், நீங்களும் ஜெபத்தைப் பத்தி ஒரு புத்தகம் எழுதியிருக்கீங்களாமே?" என்று அவர் பெயரைத் தேடினார்.

திரையில் வந்தது: 'முதல் பிரசவம்: தாய்மாருக்கு ஒரு கையேடு'.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "டீச்சரே, இத நான் எழுதலியே."

அந்தம்மா இருமுவதுபோல் சிரித்தார். எனக்குக் காது வரை சுட்டது. பழியைக் கம்ப்யூட்டர் மேல் போட்டிருக்கலாம், போடவில்லை.

"எனக்க தப்புதான் மேடம். ஒரு மாசம் தாங்க, சரியாக்கிருவேன்."

"வேற ஆள் வெச்சுக்கலாமே?"

"வேண்டாம். கெடுத்தது நான். நானே செய்யணும்."

அவர் குறை எழுதவில்லை. ஒரு மாதம் என்று எழுதினார்.

கம்ப்யூட்டர் லேப் ஷீபாவைப் பிடித்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "யக்கா, அது கேட்டத வாசிச்சாவது பாத்தியளா?" வாசிக்கக் கற்றேன். தினமும் பிரதி எடுக்கவும், நூலக மென்பொருளைக் கையாளவும் கற்றேன். நாலாயிரத்தையும் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து, இருபத்தாறாம் நாள் ஃபாதர் மேசையில் பட்டியலை வைத்தேன். அவர் முதலில் தேடியது தன் பெயரைத்தான். அடுத்த வருஷம் வேலை நிரந்தரமானது. இன்றைக்குப் பக்கத்துக் கல்லூரி நூலகர்கள் சந்தேகம் கேட்பது என்னிடம்தான். கேட்கட்டும், அதற்கு மட்டும் கோபப்பட மாட்டேன்.

வீட்டில்தான் மரியாதை இல்லை. மகள் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று என் கொழுந்தன் கூடம் நிறைந்த சொந்தக்காரர் முன்னால் என் கணவரிடம் கேட்டான்: "அண்ணா, மாப்பிள்ள பேரு சரியா பாத்தியளா? மைனி கை வச்சிருந்தா சர்ச்சுல வேற எவனாவதுல்லா வந்து நிப்பான்!"

"வாய மூடுலே" என்றேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின், யாருக்கும் தெரியாமல் ஒரு பத்திரிகையை எடுத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன்.