செவில் நகரில் நான் கண்ட அரண்மனை

நிறையப் படித்தவனோடு ஊர் பார்க்கப் போகக்கூடாது. படிக்காதவன் யாரிடமாவது வழி கேட்பான். நான் கேட்கவில்லை.

கடந்த ஜூலையில், டேனிஷ் ஊரான பிராண்டேயில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை கோடை விடுமுறைக்கு மூடியதும், மனைவி சுமதியோடும் மகள் நிலாவோடும் ஸ்பெயினின் செவில் நகருக்குப் போனேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சுமதிக்கு ஒரே ஓர் ஆசை. அந்த ஊரின் பழைய அரண்மனைத் தோட்டத்தில், ஆரஞ்சுத் தோடம்பழ மரங்களின் கீழ் சும்மா இருக்க வேண்டும். கடைசி நாள் காலை பத்து மணிக்கு நுழைவுச்சீட்டு. மாலையில் விமானம்.

நிலா கைபேசியில் வரைபடத்தைத் திறந்தாள்.

"அதை உள்ள வை பிள்ளை. அப்பா மூண்டு புத்தகம் படிச்சிட்டுத்தான் வந்தனான்."

பிரமாண்டமான கல் கட்டடம் வந்தது. வாசலில் சிற்பங்கள், பக்கத்தில் அகழி. (அகழி இருந்தால் அரண்மனைதானே?) எந்த மன்னன் எந்த ஆண்டில் யாரைக் கொன்றான் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. புத்தகப் பைகளோடு இளைஞர்கள் வெளியே வந்தார்கள்.

"இவை ஆர்?" என்றாள் சுமதி.

"அரண்மனை ஊழியர்."

"இஞ்சாருங்கோ, கால் உளையுது. உள்ளுக்குப் போவம்."

"அவசரப்படாதையும். இன்னும் ரெண்டு நூற்றாண்டு இருக்கு."

சுவரில் இருந்த பலகையை வாசித்துவிட்டு நிலா திரும்பினாள்.

"அப்பா, இது ஃபப்ரிக்."

தொழிற்சாலைக்கான அந்த டேனிஷ் சொல் எனக்கு நன்றாகவே தெரியும். அது பழைய புகையிலைத் தொழிற்சாலை, இப்போது பல்கலைக்கழகம். ஒரு தொழிற்சாலையிலிருந்து தப்பி, விமானம் ஏறி வந்து, இன்னொரு தொழிற்சாலையை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடினோம். உண்மையான அரண்மனையின் காவலர் சீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நேரம் தவறிவிட்டது, அன்றைய சீட்டுகளும் முடிந்துவிட்டன. மதிலுக்கு மேலால் மரங்களின் நுனி மட்டும் தெரிந்தது. சுமதி சப்பாத்தைக் கழற்றிவிட்டு மதிலோரம் இருந்தாள். கோபிக்கவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

"உங்கட பிராண்டே ஃபப்ரிக்கையும் நான் இன்னும் உள்ளுக்குப் போய்ப் பாக்கேல்லை. அங்கையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ, ராசா."

அன்றிலிருந்து என் வேலையிடத்துக்கு அரண்மனை என்று பெயர். பக்கத்து ஊரான இக்காஸ்டிலிருந்து வரும் விருந்தாளிகள்கூட, "அண்ணை, அரண்மனையில என்ன புதினம்?" என்றுதான் கதையைத் தொடங்குகிறார்கள்.

இந்தக் கோடையில் தாயும் மகளும் மறுபடி செவில் போகிறார்கள். சீட்டு இரண்டுதான் என்று தெரிந்ததும், "அப்ப நான்?" என்று கேட்டேன்.

சுமதி பெட்டி அடுக்குவதை நிறுத்தவில்லை.

"நீங்களும் வந்தால் அரண்மனையை ஆர் பாக்கிறது?"