இருபது கிலோவுக்கு உட்பட்ட ரம்பம்

1991ஆம் ஆண்டில் நம் தேசம் பொருளாதாரக் கதவைத் திறந்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். திறந்திருக்கலாம். ஆனால் அதே ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தகரக் கொட்டகைக்குள் அதைவிடப் பெரிய முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. தேசத்துக்குச் சில வாரங்கள் போதுமாக இருந்தன. 'மங்களம் பேக்கிங்ஸ்' கம்பெனிக்கு ஏழு மாதம் பிடித்தது. எது ஆழ்ந்து யோசித்து எடுத்த முடிவு என்பது இதிலிருந்தே விளங்கும்.

மங்களம் பேக்கிங்ஸ், இயந்திரங்களை அனுப்புவதற்கு மரப்பெட்டி செய்து கொடுக்கும் கம்பெனி. ஒரகடம் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலை, "எங்கள் மிஷின் பெரிசு, நீங்களே இங்கே வந்து பெட்டி அடியுங்கள்" என்று சொல்லிவிட்டது. ஆகவே, தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு மேஜை ரம்பம், அதாவது மேஜை நடுவே வட்டப் பிளேடு சுழலும் மின்ரம்பம், தேவைப்பட்டது.

அதில் மரம் அறுக்கப் போகிறவன் பிள்ளைப்பாக்கத்து ஜோயல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்த் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பான். அவன் மனைவி ஜாஸ்மின் பாடுவாள். அவனுக்குப் பத்து விரல்கள் இருந்தன. அந்தக் கம்பெனியில் மரம் அறுக்கிறவனுக்கு இது ஒரு ஆடம்பரம். அவனுக்கு முன்னால் பழைய ரம்பத்தில் வேலை பார்த்த ராஜாமணி, ஏழு விரலோடு இப்போது கேட்டில் வாட்ச்மேனாக இருந்தார். கம்பெனி அவரைக் கைவிடவில்லை. சல்யூட் அடிப்பதற்கு அத்தனை விரல் வேண்டியதில்லை என்று கண்டுபிடித்து அந்த வேலையைக் கொடுத்திருந்தது. தினமும் காலையில் அந்த சல்யூட்டைப் பார்த்துக்கொண்டுதான் ஜோயல் உள்ளே போவான். பார்க்கும்போதெல்லாம் அவன் கை தானாக மடங்கிக்கொள்ளும்.

எனவே அவன் நிர்வாக அதிகாரி புருஷோத்தமனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"எந்த மிஷின் வேணா வாங்குங்க சார். பிளேடு மேல மூடி போட்டுக்கீற மிஷினா வாங்குங்க. எனக்கு அது போதும்."

புருஷோத்தமன் மகிழ்ந்துபோனார். 'தொழிலாளர் கருத்து கேட்கப்பட்டது' என்று உடனே கோப்பில் எழுதினார். இனி அந்தக் கருத்தை மறுபடி கேட்க வேண்டிய அவசியம் இல்லை அல்லவா?

தேர்வுக் கமிட்டி அமைந்தது. புருஷோத்தமன் தலைவர், கணக்கு அதிகாரி இராமச்சந்திரன் உறுப்பினர். இருவரும் வாழ்நாளில் வாழைக்காய்கூட நறுக்கியதில்லை. அதுதான் அவர்களுடைய தகுதி. மரம் அறுக்கிறவனைக் கமிட்டியில் சேர்த்தால் அவன் தன் கையைப் பற்றியே யோசிப்பான், நடுநிலை கெட்டுவிடும்.

முதல் இரண்டு கூட்டங்கள் 'மேஜை' என்றால் என்ன என்பதில் கழிந்தன. மூன்றாவதில் 'தூக்கிக்கொண்டு போவது' பற்றிய விவாதம் வந்தது. எதில் போவது? கம்பெனி வேன் இருக்கிறது. ஆனால் அது மதியத்தில் முதலாளிக்குச் சாப்பாடு கொண்டுவரும் வேன். காலையும் மாலையும் அதற்குத் தயாராகிக்கொண்டிருக்கும். ஆகவே ரம்பம் பஸ்ஸில் போவதென்று முடிவாயிற்று. பஸ் என்றால் லக்கேஜ் டிக்கெட். லக்கேஜ் டிக்கெட்டுக்குக் கம்பெனிக் கணக்கில் தலைப்பே கிடையாது என்றார் இராமச்சந்திரன். கூட்டம் கவலையோடு கலைந்தது.

நான்காவது கூட்டத்துக்குள் புருஷோத்தமன் 'நிபுணர் கருத்து' வாங்கிவிட்டார். நிபுணர், அந்த வழியில் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் டில்லிபாபு. அவர் கைதான் தராசு. சாமானை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பார். இருபது கிலோ வரைக்கும் அவருக்கு அது பை. அதற்கு மேல் போனால் லக்கேஜ். ஆக, நாட்டிலேயே முதன்முறையாக, ஒரு ரம்பத்தின் இலக்கணம் ஒரு கண்டக்டரின் தோள்பட்டையிலிருந்து வகுக்கப்பட்டது.

பாரிமுனையிலிருந்து மூன்று ரம்பங்கள் பரிசோதனைக்கு வந்தன. அதிகாரிகள் இருவரும் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒவ்வொன்றையும் கேட்டிலிருந்து கொட்டகை வரைக்கும் தூக்கி நடந்தார்கள். இரண்டாவது ரம்பத்தில் இராமச்சந்திரனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கம்பெனிக்காக அவர் பட்ட அந்தக் காயம் குறிப்பில் விரிவாகப் பதிவாயிற்று. ஜோயல் தயங்கித் தயங்கி, ஒரு பலகையை அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான்.

"அறுக்கிறது எல்லா ரம்பமும் அறுக்கும்பா. அதுல என்ன டெஸ்ட்?" என்றார் புருஷோத்தமன்.

எடை போட்டார்கள். இருபத்து நான்கு, இருபத்து மூன்று, இருபத்தொன்றரை. மூன்றும் தோல்வி. ஏழு மாத உழைப்பு ஒன்றரைக் கிலோவில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் ரம்பங்களோடு வந்திருந்த கடைக்காரப் பையன், மூன்றாவது ரம்பத்தில் பிளேடு மேல் இருக்கும் மூடியையும் அதைத் தாங்கும் இரும்புக் கையையும் கழற்றினால் இரண்டு கிலோ குறையும் என்று சொன்னான். கழற்றினார்கள். பத்தொன்பதரை. இராமச்சந்திரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கைதட்டினார்.

ஜோயல் கழற்றிய மூடியைக் கையில் எடுத்தான். "சார், அந்த மூடிக்காகத்தானே சார் மிஷினே கேட்டேன்."

"மூடி வேணாம்னு யாருப்பா சொன்னா? அதுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்றோம். ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்."

மூடியைத் தன் சாப்பாட்டுப் பையில் தனியாக எடுத்துப் போகிறேன் என்றான் ஜோயல். இது நல்ல யோசனைபோலத் தோன்றும். அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் அதன் அபாயம் தெரியும். மூடி, ரம்பத்தின் ஒரு பாகம். பாகத்துக்குத் தனி கேட் பாஸ் கிடையாது. ரம்பத்தோடுதான் அது வெளியே போகலாம். ரம்பத்தோடு போனால் இருபது கிலோவைத் தாண்டிவிடும். புருஷோத்தமன் இதைப் பொறுமையாக இரண்டு முறை விளக்கினார். ராஜாமணி அவனைத் தனியே கூப்பிட்டு, "எட்துக்கினு போ, நான் பாக்கல" என்றார். ஆனால் மூடி கண்ணாடி பீரோவில் இருந்தது. சாவி இராமச்சந்திரனின் மேஜை டிராயரில் இருந்தது. போக முடியாது என்றால் வேறு ஆள் பார்க்கிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஜோயல் போனான்.

மூன்று வாரம் ஒழுங்காக நடந்தது. நாலாவது வாரம் ஒரகடத்தில் மழை. நனைந்த பலகை ஒன்று பிளேடில் பட்டுத் துள்ளியது. ஜோயலின் வலது கையில் ஆள்காட்டி விரல் போயிற்று.

ரம்பத்தை வெளியிடத்தில் விட்டு வரக்கூடாது என்பது விதி. அதனால் துண்டு சுற்றிய கையோடு அவனையும், ரம்பத்தையும் ஒரே பஸ்ஸில் ஏற்றினார்கள். டில்லிபாபு வழக்கம்போல ரம்பத்தைத் தூக்கிப் பார்த்து, "பைதான், லக்கேஜ் இல்ல" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். சிவப்பாகிக்கொண்டிருந்த துண்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர் எந்த ஸ்டாப்பிலும் விசில் கொடுக்கவில்லை. கம்பெனிக்கு அன்றைக்கும் லக்கேஜ் டிக்கெட் மிச்சம்.

தேர்வுக் கமிட்டி அவசரமாகக் கூடி, ரம்பத்துக்குச் சேதம் இல்லை, எடையிலும் மாற்றம் இல்லை என்று திருப்தி தெரிவித்தது. கேட்டில் இரண்டாவது வாட்ச்மேனுக்கு இடம் இருக்கிறதா என்றும் பரிவோடு ஆராய்ந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஜாஸ்மின் ஆபீஸுக்கு வந்தாள். ஆர்மோனியத்தை உறை போட்டு மூடிவிட்டு வந்திருந்தாள். அந்த மூடியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். புருஷோத்தமனுக்குப் பெருமை தாங்கவில்லை. பீரோவைத் திறந்து காட்டினார். மூடி பளபளவென்று இருந்தது. நடுவில் சந்தனம், குங்குமப் பொட்டு.

"பாரும்மா. வாங்கின மாதிரியே இருக்கு. ஒரு கீறல் இல்ல."

ஜாஸ்மின் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆமா சார், ஒரு கீறல் இல்ல. இது மேல பட வேண்டியதெல்லாம் எங்க வூட்டுக்காரர் கையில பட்டுட்ச்சே."

அவள் போனதும் புருஷோத்தமன் கோப்பை எடுத்து எழுதினார்: 'தொழிலாளியின் மனைவி நேரில் பார்வையிட்டார். மூடியில் ஒரு கீறலும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.'